ஆணி அக்காவுக்கு நாங்கள் அடித்த ஆணி

மேடையில் வீற்றிருக்கும் நம் முன்னாள் அலுவலர் சங்கத் தலைவர் அவர்களே, அக்காவுக்கும் எனக்கும் மேலாளராக இருந்த ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அக்காவின் அருமை மகளே, உறவினர்களே, அக்காவின் மில்லில் பலகை வாங்கிய தச்சர்களே, எங்கள் காப்பீட்டு அலுவலகத்துப் பழைய நண்பர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

மூன்றாவது வரிசையைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். காலியாக இருக்கிறது அல்லவா? மில் தொழிலாளர்களுக்கு என்று நானே தாள் ஒட்டி வைத்த வரிசை அது. அவர்கள் வராமல் இல்லை. காலையிலேயே வந்துவிட்டார்கள். இப்போது வாசலிலும் தெருவிலும் ஆளுக்கொரு குறடோடு நிற்கிறார்கள். மரங்களில் நான் அடிக்கச் சொன்ன ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வேலை முடியாமல் உள்ளே வந்து உட்கார மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

அக்காவின் இந்த இரங்கல் கூட்டத்துக்காக நான் ஓர் உரை எழுதியிருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. வீட்டில் படித்துக் காட்டினேன், என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது என் சட்டைப் பையிலேயே இருக்கட்டும். அதை எடுத்துப் படிக்கிற யோக்கியதை இன்று காலையோடு எனக்குப் போய்விட்டது. இந்த ஒலிபெருக்கி முன்னால் நிற்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இந்தக் கூட்டத்துக்கான ஏற்பாடுகளை என்னிடம் ஒப்படைத்தார்கள். மண்டபம் பிடித்தேன், நாற்காலி சொன்னேன், அக்காவின் படம் போட்ட பலகைகளுக்கு அச்சகத்துக்காரரிடம் சொன்னேன். அவர் போனில் கேட்டார்: "சார், போர்டை எப்படி மாட்டறது?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எல்லாருக்கும் எப்படி மாட்டுவியோ அப்படியே மாட்டுப்பா."

எல்லாருக்கும் எப்படியோ அப்படி! எந்தப் பெண்மணிக்கு? இருபது வருடம் இந்த ஊர் மரங்களில் இருந்து ஆணி பிடுங்கிய பெண்மணிக்கு! நாமே பெயர் வைத்து, நாமே சிரித்து, கடைசியில் அவர் பெயரே அதுதான் என்று ஆகிப்போன ஆணி அக்காவுக்கு! அந்தப் பலகையில் படத்துக்குக் கீழே ஒரு வரி இருக்கும், பார்த்திருப்பீர்கள். 'மரங்களின் தோழிக்கு எங்கள் அஞ்சலி.' அதை எழுதியவனும் நான்தான். அந்த வரியைத்தான் மரத்தில் வைத்து, மூலைக்கு ஒன்றாக ஆணி அடித்து இறக்கியிருக்கிறோம்.

ஆணி என்றால் என்ன பெரிய விஷயம் என்று இளைஞர்கள் நினைக்கலாம். சொல்கிறேன்.

அக்கா எங்கள் அலுவலகத்தில் இழப்பீட்டுப் பிரிவில் இருந்தார். எது எரிந்தாலும் இடிந்தாலும் அவர் போய்ப் பார்த்து, இவ்வளவு இழப்பு என்று எழுதுவார். ஒரு புயலுக்கு மறுநாள் நாங்கள் இரண்டு பேரும் சேதம் பார்க்கப் போனோம். தெரு முழுக்க மரங்கள் விழுந்து கிடந்தன. ஆட்கள் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டிக் குப்பை வண்டியில் எறிந்துகொண்டிருந்தார்கள். வெட்டிய ஒரு கட்டையின் முகத்தில் அக்கா கை வைத்தார். உள்ளே செக்கச் செவேல் என்று இருந்தது. வேலையைப் பார்க்காமல் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். "கார் நசுங்குனா எழுதுறோம், கூரை போனா எழுதுறோம். இந்த மரம் போனதுக்கு யாரு எழுதுவா?" என்றார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "அக்கா, வெயில் ஏறுது, வாங்க போலாம்" என்றேன்.

கொஞ்ச நாளில் வேலையை விட்டுவிட்டார். விழுந்த மரங்களை வாங்கிப் பலகையாக அறுக்கும் ஒரு சின்ன மில் தொடங்கினார். ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகை, பழைய ரம்ப மிஷின் ஒன்று, அறுப்புக்காரர் ஒருவர், கட்டை தூக்க இரண்டு பேர். நிற்கிற மரத்தைத் தொடமாட்டார், விழுந்ததை விடமாட்டார். சேமிப்பு எல்லாம் அதில் போனது. ஓய்வூதியம் வருகிற வயதில் இது தேவையா என்று அலுவலகத்தில் பேசாத வாய் இல்லை. 'பேனா பிடித்தவருக்கு ரம்பம் எதற்கு' என்று பிரிவு உபசார விழாவில் ஒருவர் நகைச்சுவையாகப் பேசினார். எல்லோரும் கைதட்டினோம். அக்காவும் கைதட்டினார்.

மில்லில் முதன்முதலாக அறுத்த மரம் எது தெரியுமா? எங்கள் அலுவலக வாசலில் விழுந்த மரம்தான். கட்டையை மிஷினில் ஏற்றி, பாதி அறுத்திருக்கிறார்கள். டமார் என்று ஒரு சத்தம். சுற்றி ஓடுகிற ரம்பப் பட்டை அறுந்து கொட்டகைக் கூரையில் போய் அடித்தது. அதிலிருந்து தெறித்த ஒரு பல் அறுப்புக்காரரின் கன்னத்தைக் கிழித்துவிட்டது. கண்ணுக்கும் அந்தக் காயத்துக்கும் விரல் அகலம்தான் இடைவெளி. அவர் முகத்தில் அந்தத் தழும்பை இன்றும் பார்க்கலாம். கட்டைக்குள்ளே ஓர் ஆணி இருந்திருக்கிறது. 'இங்கே வண்டி நிறுத்தாதீர்' என்று எங்கள் அலுவலகம் எப்போதோ அடித்த பலகையின் ஆணி. பலகை போய்விட்டது. மரம் வளர்ந்து ஆணியை விழுங்கிவிட்டது.

அக்கா அந்த ஆணியை எடுத்துக்கொண்டு நேராக அலுவலகத்துக்கு வந்தார். தலையெல்லாம் மரத்தூள். ஐயா மேஜையில் அதை வைத்தார். "இது உங்க ஆணி. ஒரு ஆளோட கண்ணு போகப் பாத்துச்சு. இழப்பீடு தருவீங்களா?" என்றார். ஐயா சிரித்துக்கொண்டே, "முறைப்படி விண்ணப்பம் கொடுங்கம்மா" என்றார். ஐயா தலை குனிகிறார், மன்னிக்க வேண்டும். அன்றைக்கு உங்களைவிடச் சத்தமாகச் சிரித்தவன் நான்தான். அந்தப் பெயர் அன்று வைத்ததுதான்.

அடுத்த நாள் காலையில் இருந்து அக்கா கையில் குறடு. நடைப்பயிற்சி என்று கிளம்பி, தெருவில் நிற்கிற ஒவ்வொரு மரத்தையும் சுற்றிச் சுற்றி வருவார். டியூஷன் விளம்பர ஆணி, வாடகைக்கு வீடு ஆணி, துணிக்கொடி கட்டிய ஆணி, எல்லாவற்றையும் பிடுங்குவார். "அது நிக்கிற மரம்தானே, உங்களுக்கு எதுக்கு?" என்று ஒரு கடைக்காரர் சண்டைக்கு வந்தார். அக்கா சொன்னார்: "இன்னைக்கு நிக்குது. என்னைக்காவது விழுந்தா என்கிட்டதானே வரும்? அப்ப மிஷின் முன்னாடி நிக்கிறவன் உங்க புள்ளையா இருந்தா?" நாங்கள் கேட்டுக்கொண்டு போனோம், அவ்வளவுதான்.

மில்லுக்கு வருகிற கட்டையை எப்படிச் சோதிப்பார் தெரியுமா? பெரிய கடை வாசலில் காவலாளி நம் இடுப்பைத் தடவிப் பார்ப்பாரே, அந்தக் கருவியை வாங்கி வைத்திருந்தார். அதைக் கட்டை மேல் ஓட்டி, "பையில என்னடா வச்சிருக்க?" என்று கேட்பார். கீ கீ என்று கத்தினால் அந்த இடத்தைச் சிவப்பு வட்டம் போட்டுத் தோண்டி எடுத்த பிறகுதான் மிஷினில் ஏற்றவிடுவார்.

நிற்கிற மரத்தில் ஆணி முறிந்து உள்ளேயே நின்றுவிட்டால் அதைத் தோண்டமாட்டார். தோண்டினால் மரத்துக்குக் காயம். அதற்கும் சிவப்பு வட்டம்தான். விழுகிற அன்றைக்கு அறுப்பவனுக்குத் தெரிய வேண்டுமே! பட்டை வளர வளர வண்ணம் மங்கிப்போகும். அதனால் வருடம் தவறாமல் வந்து திரும்பவும் பூசுவார். ஒரு முறை இதைப் பார்த்துவிட்டு, மரத்தை வெட்டத்தான் அடையாளம் போடுகிறார்கள் என்று ஒரு தெருவே திரண்டு மில்லுக்குச் சண்டைக்குப் போனது. நானும் அந்தத் தெருதான், நானும் போனேன். அக்கா எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்து, பொறுமையாகச் சொல்லி அனுப்பினார். "மரத்துக்காகச் சண்டை போட வந்தீங்க பாருங்க, அதுவே எனக்குச் சந்தோஷம்" என்றார். டீயைக் குடித்துவிட்டு வந்தோம். ஒருவராவது ஒரு குறடு வாங்கினோமா?

இன்று காலையில் அவர் மகள் வந்தபோது நான் வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தேன். அவள் உள்ளே வரவில்லை. வாசல் மரத்தில் இருந்த தன் அம்மாவின் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். முதலில் எனக்குப் புரியவில்லை. படம் நன்றாக அமைந்துவிட்டது என்று பாராட்டப் போகிறாளோ என்று நினைத்தேன். இப்படியும் ஒரு மனிதன் இருப்பானா? அவள் விரலால் அந்த ஆணியைத் தொட்டுக் காட்டினாள். "மாமா, இத்தனை வருஷமா அம்மா புடுங்குனதெல்லாம் யாருக்கு மாமா?" என்றாள்.

அவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் கோபப்படவில்லை. "மிஷினை ஒருத்தர் விலைக்குக் கேட்டுட்டு இருக்காரு. இல்லன்னு சொல்லலாம்னுதான் இருந்தேன். இப்ப குடுத்துடலாம்னு தோணுது. இந்த ஊருக்கு எதுக்கு மாமா இவ்வளவு பாடு?" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அதோ உட்கார்ந்திருக்கிறாள். என்னைப் பார்க்கவில்லை. நான் அவள் இடத்தில் இருந்தாலும் என்னைப் பார்க்கமாட்டேன்.

அந்த மில் மூடினால் என்ன ஆகும்? விழுந்த மரங்கள் மறுபடி குப்பைக்குப் போகும். வெளியே குறடோடு நிற்கிறவர்கள் வேறு எங்காவது, கட்டையைத் தடவிப் பார்க்காத ஒரு மிஷின் முன்னால் போய் நிற்பார்கள். அதற்குக் காரணம் புயலும் அல்ல, அக்காவின் மரணமும் அல்ல. அக்காவுக்கு அஞ்சலி செலுத்தப் புறப்பட்ட நான்!

ஒரு நிமிடம். மன்னிக்க வேண்டும், அறுப்புக்காரர் உள்ளே வருகிறார். வாங்கண்ணே. இல்லை, இல்லை, மேடைக்கே வாங்க. என்னண்ணே? ஒலிபெருக்கியில் சொல்லுங்கள், எல்லோரும் கேட்கட்டும்.

"எல்லாம் எடுத்தாச்சு சார். வாசல் மரத்துல மட்டும் ஒண்ணு தலை முறிஞ்சிருச்சு. உள்ளயே நின்னுருச்சு. இனி வராது."

கேட்டீர்களா? அவர் கன்னத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டீர்களா? எல்லாம் வந்துவிட்டது, ஒன்று மட்டும் வரவில்லை. நான் எவ்வளவு அழகாகப் பேசினாலும் அது வரப்போவதில்லை. அந்த மரம் அதை விழுங்கும். மேலே பட்டை மூடும். மாட்டியவனும் மாட்டச் சொன்னவனும் செத்துப்போவோம். அதன் பிறகு ஒருநாள் அந்த மரம் விழும். அப்போது ஒரு ரம்பத்தின் முன்னால் முகம் தெரியாத ஒருவன் நிற்பான்.

வழக்கமாக இப்படிப்பட்ட கூட்டத்தில் கடைசியில் எல்லோரும் எழுந்து மௌனமாக நிற்போம். ஆணி விஷயத்தில் இத்தனை வருடமும் நாம் மௌனமாகத்தான் இருந்தோம், அது போதும். அக்கா விட்டுச்சென்ற பணியைத் தொடர்வோம் என்று உறுதிமொழி எடுக்கச் சொல்லி நிகழ்ச்சி நிரலில் நானே போட்டிருக்கிறேன். உங்கள் சார்பில் உறுதி எடுக்க எனக்குத் தகுதி இல்லை. எனக்காக மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அம்மா, உன்னைத்தான் கேட்கிறேன். மிஷினைக் கொடுக்காதே என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. அது உன் அம்மா உழைத்தது, உன் இஷ்டம். எனக்கு வேண்டியது வேறு. உங்கள் கொட்டகையில் ஒரு சிவப்பு வண்ண டப்பா இருக்குமே, அதை எனக்குக் கொடு. அந்த வாசல் மரத்தில் இன்றைக்கே நான் என் கையால் வட்டம் போடுகிறேன். மங்க மங்க, உயிர் இருக்கிறவரை வருடா வருடம் வந்து பூசுகிறேன். யார் என்னவென்று கேட்டாலும், ஆணி அக்காவின் இரங்கல் கூட்டத்துக்கு நான் அடித்த ஆணி இது என்று சொல்கிறேன்.

என்னம்மா எழுந்துவிட்டாய்? போகிறாயா?

என்ன சொல்கிறாள்? எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை, அண்ணே, நீங்கள் சொல்லுங்கள்.

"டப்பா வண்டியிலயே இருக்காம் சார். பிரஷ்தான் காஞ்சு கெடக்காம். நாளைக்கு மில்லுக்கு வந்து, மண்ணெண்ணெயில ஊறவெச்சு நீங்களே கழுவி எடுத்துக்கணுமாம்."

வருகிறேன் அம்மா. மில் திறப்பதற்கு முன்பே வந்து நிற்கிறேன்.