பெரியதற்குப் பின்னால்

காலையில் எழுந்ததும் நான் முதலில் எதிர்வீட்டுத் துணிக்கொடியைப் பார்ப்பேன். உம்மு சுஹைருக்கு ஆறு பிள்ளைகள். அந்தக் கொடி காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. துணி எந்தப் பக்கம் சாய்கிறது, எப்படிப் படபடக்கிறது என்பதை வைத்து விமான நிலையத்தில் காற்று எப்படி இருக்கும் என்று சொல்லிவிடலாம். பிறகு பல் விளக்குவேன். தேநீருக்குத் தண்ணீர் வைப்பேன். ஃபூல் மொச்சையைச் சுடவைத்து, எலுமிச்சையும் சீரகமும் சேர்த்து, ரொட்டியை நெருப்பில் வாட்டி எடுப்பேன். என் மனைவி இனாஸ் நின்றுகொண்டே சாப்பிடுவாள். உட்கார்ந்தால் சீருடை கசங்கிவிடுமாம்.

"என்ன முனீர், உம்மு சுஹைர் வீட்டு ஜட்டியெல்லாம் எண்ணியாச்சா?" என்பாள். "அவ புருஷன் ஒரு நாள் செருப்போட மாடியேறி வரப்போறான், பாரு."

"காத்தைப் பாக்குறேன்."

"அவன்கிட்டயும் அதையே சொல்லு. நம்புவான்."

அவள் போன பிறகும் இந்த வழக்கம் மாறவில்லை. இன்று விசாரணைக்கு அழைத்துவர உங்கள் ஆட்கள் வந்து தட்டியபோதும் கொடியைப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறந்தேன்.

ஐயா, அந்த மின்விசிறியைக் கொஞ்சம் போடச் சொல்லுங்கள். காற்று அசையாத அறையில் இப்போதெல்லாம் என்னால் இருக்க முடிவதில்லை. நன்றி.

நீங்கள் என்னிடம் அன்பாக நடந்துகொண்டீர்கள். புதினா போட்ட தேநீர் வரவழைத்தீர்கள். தோளில் கை வைத்து, "மகனே, மனுஷ மூளைதானே, ஒரு நொடி நின்னு போச்சு. காத்தைத் தப்பாப் படிச்சுட்ட. அதை எழுதிக் கொடுத்துட்டு வீட்டுக்குப் போ. பொண்டாட்டியைப் பறிகொடுத்தவனை யாரு என்ன சொல்லுவா?" என்றீர்கள். எல்லாம் நல்ல எண்ணத்தில் சொன்னது. ஆனால் நான் காற்றைத் தவறாகப் படிக்கிறவன் இல்லை. என் மூளையும் அன்று நிற்கவில்லை. அதற்காகத்தான் இன்று பேசுகிறேன்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் நிலையத்துக்கு ஓடுபாதை ஒன்றுதான். சுற்றுலாப் பருவத்துக் காலைகளில் கடற்கரை விடுதிகள் காலியாகி, வெளிநாட்டுப் பயணிகளை ஏற்றிய பெரிய விமானங்கள் ஒன்றன் பின் ஒன்றாகக் கிளம்பும். நடுநடுவே பாலைவன எண்ணெய் முகாம்களுக்குப் போகும் சின்ன விமானங்கள். இனாஸ் ஓட்டியது அதில் ஒன்று. எதை முதலில் விடுவது, எதை அடுத்து விடுவது என்பதைக் கோபுரத்தில் உட்கார்ந்திருப்பவன் முடிவு செய்கிறான். ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு சீட்டு. சீட்டுகளை மேசைச் சட்டத்தில் மேலும் கீழுமாக நகர்த்துகிறேன். அடுக்கு எப்படியோ, வானம் அப்படி.

ரொட்டிக் கடை வரிசையில் நின்றவர்களுக்கு இது எளிதாகப் புரியும். கல்யாண வீட்டுக்குக் கூடை கூடையாக வாங்க வந்தவனுக்குப் பின்னால், ஐந்து ரொட்டி கேட்டு வந்தவனை நிறுத்தக் கூடாது. சின்ன ஆளை முதலில் அனுப்பிவிட வேண்டும். எங்களுக்கு அதில் இன்னொரு காரணமும் உண்டு. பெரிய விமானம் எழும்போது அதன் இறக்கை நுனிகளிலிருந்து காற்று முறுக்கிக்கொண்டு பின்னால் விழுகிறது. கண்ணுக்குத் தெரியாது. சின்ன விமானம் அதற்குள் போனால் புரட்டிப் போட்டுவிடும். ஆகவே பெரியதற்குப் பின்னால் சின்னதை விடுவதாக இருந்தால் இரண்டு நிமிடம் காக்க வேண்டும். சின்னது ஓடுபாதையின் நடுவிலிருந்து கிளம்பினால் மூன்று. தொடக்கத்திலிருந்து ஓடினால், பெரியது எழுந்த இடத்துக்கு முன்பே சின்னது எழுந்து அந்தத் தடத்துக்கு மேலாகப் போய்விடும். நடுவிலிருந்து ஓடினால் நேரே தடத்துக்குள் போய்ச் சேரும்.

இதில் எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்று இருக்கிறது. விதியில் இல்லாதது. வடக்குக் காற்று பலமாக அடித்தால் அந்த முறுக்கை அள்ளிக்கொண்டு போய்விடும் என்று சின்ன விமானக்காரர்கள் காக்க மாட்டார்கள். நாங்கள் காற்றின் வேகத்தைச் சொல்வோம். "காத்து இருக்கு, கிளம்பறேன்" என்பார்கள். விட்டுவிடுவோம். இதைப் பற்றி உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். காற்று ஓய்ந்த நாளில் எவரும் அப்படிப் போவதில்லை. லேசாக, குறுக்கே, தூங்குகிறவன் மூச்சு விடுவது போல வீசும் நாள்தான் மிக மோசம். முறுக்கு எங்கும் போகாமல் ஓடுபாதை மேலேயே படுத்துக் கிடக்கும். கீழே இருந்து பார்க்கிறவர்களுக்கு அது அமைதியான நாள்.

இந்த வேலைக்குக் கண்ணை விட முக்கியமானது படம். அப்படித்தான் நாங்கள் சொல்வோம். எது எங்கே நிற்கிறது, அடுத்து எங்கே இருக்கும் என்று தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும் படம். போன பருவத்தில் ஒரு காலை எனக்கு அது போய்விட்டது. ஓடுபாதையில் ஒரு விமானம் நின்றது. இறங்குவதற்கு இன்னொன்று வந்துகொண்டிருந்தது. இரண்டும் எனக்கு வெறும் தகரமாகத் தெரிந்தன. பெயர் இல்லை, அர்த்தம் இல்லை. வாய் திறந்திருந்தது, சொல் வரவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த ஷெனூதா என் மைக்கைப் பிடுங்கி, வந்ததை மேலே திருப்பி அனுப்பினான்.

"என்ன பாஷா, ராத்திரி தூங்கலையா?" என்று சிரித்தான். விளையாட்டாக என்னைப் பாஷா என்பான். வெளியே சொல்லவில்லை, நல்லவன்.

பிறகு ஒரு நாள் மறுபடியும் படம் போனது. அதை ஷெனூதாகூடக் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்து குளியலறைத் தரையில் உட்கார்ந்து இனாஸிடம் சொன்னேன். அவள் எதிரே தரையில் உட்கார்ந்து என் பாதங்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தண்ணீருக்குள் விழுந்தவனைப் போல எனக்கு மூச்சு வாங்கியது. ஐயா, நீங்கள் துப்பாக்கிகளுக்கு நடுவே வேலை செய்தவர் என்கிறார்கள். உங்களுக்கு அந்தப் பயம் தெரிந்திருக்காது. எதிரே எதுவும் இருக்காது. உங்களுக்குள்ளே ஒரு விளக்கு அணையும், அவ்வளவுதான். மறுபடி எப்போது அணையும் என்று தெரியாது.

முன்பு எங்கள் கோபுரத்தில் ஒருவருக்கு இப்படி ஆகியிருக்கிறது. இப்போது அவர் கீழே கார்களுக்கு அனுமதி அட்டை கொடுக்கிறார். விமானம் போனால் அண்ணாந்து பார்ப்பதில்லை.

அந்தக் காலைக்கு வருகிறேன். எதிர்வீட்டுக் கொடியில் ஒரு வெள்ளைப் போர்வை தொங்கியது. அசையவில்லை. நின்று பார்த்தபோது கீழ் முனை மட்டும் ஒரு பக்கமாக மெல்ல ஒதுங்கியது.

இனாஸ் ரொட்டியைத் தொடவில்லை.

"முனீர், இன்னைக்கு நீயே போய் மேலதிகாரிகிட்ட சொல்லிடு."

"பருவம் முடியட்டும்."

"போன மாசமும் இதைத்தான் சொன்ன. எனக்கு பயமா இருக்குப்பா. முன்னெல்லாம் மேல நீ உக்காந்திருக்கேன்னா கண்ணை மூடிட்டுக் கிளம்புவேன்."

"இப்ப?"

அவள் குனிந்து காலணி நாடாவைக் கட்டினாள். கட்டியதை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

"சாயங்காலம் வரைக்கும் பாப்பேன். நீ சொல்லலேன்னா நான் சொல்லிடுவேன். எங்கூட பேசாம இரு, பரவாயில்ல. உன்னை நம்பி எத்தனை பேர் மேல ஏறுறாங்க."

அதுதான் எங்கள் கடைசிப் பேச்சு. காரை அவள்தான் ஓட்டினாள். கோபுரத்தின் வாசலில் என்னை இறக்கிவிட்டுப் போனாள்.

எனக்குக் கோபம் இல்லை. அதை நீங்கள் தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும். பயம்தான். படிகள் ஏறும்போது ஒவ்வொரு தளத்திலும், அவர் அட்டை கொடுக்கும் அந்தக் கார் நிறுத்துமிடம் ஜன்னலில் தெரிந்தது. என் மனைவிக்கு என் மேல் நம்பிக்கை போய்விட்டது. நம்பிக்கை போன ஒருத்தி சாயங்காலம் வாயைத் திறப்பாள். அதை யோசிக்க யோசிக்கத் தலை தெளிந்துகொண்டே வந்தது.

அன்று புறப்பாட்டு மைக் ஷெனூதாவுடையது. மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"உனக்குக் கோடி புண்ணியம் பாஷா," என்று எழுந்துவிட்டான். "வீட்டுல மாமியார் வந்திருக்கா. விடிய விடிய அவ பேச்சு. மைக்கைப் பாத்தாலே எனக்கு அழுகை வருது." தேநீர்க் குவளையோடு எனக்கு அன்று குறித்திருந்த இருக்கைக்குப் போனான். விமானங்களை நிறுத்துமிடத்திலிருந்து ஓடுபாதைக்குக் கொண்டுவருவது அந்த இருக்கையின் வேலை.

இனாஸ்தான் முதலில் தயாரானாள். அவள் சீட்டு மேலே இருந்தது. அடுத்தது ஒரு பெரிய விமானம், நிறையப் பயணிகளோடு. அப்படியே விட்டிருந்தால் யாரும் யாருக்காகவும் காக்க வேண்டியிருக்காது. நான் அவள் சீட்டை எடுத்துப் பெரியதற்குக் கீழே வைத்தேன்.

ஷெனூதா எட்டிப் பார்த்தான். "என்னடா, வீட்டுக்காரியை யானைக்குப் பின்னால நிறுத்திட்ட? காலைல சண்டையா?"

"ஆமா."

"நான் மட்டும் இப்படிப் பண்ணினேன்னா ராத்திரி படிக்கட்டுலதான் படுக்கணும்."

இருவரும் சிரித்தோம். அவனுக்கு ஓர் இழுவை வண்டி வழியில் நின்றுபோயிருந்தது. அதைத் திட்டத் திரும்பிவிட்டான்.

நேரம் மிச்சமாகும் என்று சொல்லி இனாஸை ஓடுபாதையின் நடு வாயிலில் வந்து நிற்கச் சொன்னேன். அந்த இடத்திலிருந்து பார்த்தால் காற்றின் திசையும் வேகமும் காட்டும் துணிப்பையைத் தீயணைப்பு நிலையத்தின் கூரை மறைத்துக்கொள்ளும். அங்கே நிற்கிறவர்களுக்குக் காற்று என்பது நாங்கள் சொல்வதுதான். பெரியது அவளைத் தாண்டி ஓடி எழுந்தது. காற்றுமானியின் முள் ஏறக்குறைய படுத்திருந்தது. காலையில் போர்வை சொன்னது சரியாகவே இருந்தது.

நான் சொன்னேன்: "காற்று கிளம்பிவிட்டது. வடக்கிலிருந்து, பலமாக. நீங்கள் புறப்படலாம்."

எங்கள் கடற்கரையில் அந்த நேரத்துக்கு அப்படித் திடீரென்று கிளம்பும். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

அவள் எழுந்தாள். கடைசி விளக்குகளுக்கு மேலே போனபோது இடது இறக்கை தாழ்ந்தது. பிறகு விமானத்தின் அடிவயிறு மேலே வந்தது. அதற்கு வெள்ளை அடித்திருப்பார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அவளோடு முகாம் சமையல்காரர் ஃபர்கலி இருந்தார். விடுப்பு முடிந்து போகும்போதெல்லாம் அவளுக்குப் பேரீச்சம்பழம் கொண்டுவருவார். மின்வேலை செய்யும் ஒரு பையனும் இருந்தானாம்; அவன் பெயரைச் செய்தித்தாளில் பார்த்தேன். அவர்களைப் பற்றி நான் யோசிக்கவில்லை. எங்கள் சீட்டில் பயணிகள் பெயர் இருக்காது. விமானம் பெரியதா சின்னதா என்பது மட்டும் இருக்கும்.

அதன் பிறகு நான் செய்ததை உங்கள் ஒலிப்பதிவில் கேட்டிருப்பீர்கள். அபாய மணியை அழுத்தினேன். வரிசையில் நின்றவற்றை நிறுத்தினேன். இறங்க வந்தவற்றைக் கடல் பக்கம் திருப்பி, உயரம் பிரித்து, ஒவ்வொன்றாக வேறு நிலையங்களுக்கு அனுப்பினேன். ஷெனூதா தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். அவன் இருக்கை வேலையையும் நானே பார்த்தேன். வேறு எந்த விமானத்துக்கும் ஒரு கீறல் விழவில்லை. என் குரல் எங்காவது தடுமாறியதா? படம் எனக்கு அவ்வளவு தெளிவாக அதற்கு முன்னால் இருந்ததே இல்லை.

இப்போது புரிகிறதா, நான் ஏன் கையெழுத்துப் போடவில்லை என்று? மூளை நின்றுவிட்டது என்று எழுதிக் கொடுத்தால் இனாஸ் சொன்னது சரி என்று ஆகிவிடும். அவள் தவறாக நினைத்திருந்தாள். நான் தெரிந்து, பார்த்து, வரிசை மாற்றி, பொய்க் காற்றைச் சொல்லி அவளைக் கொன்றேன். கவனம் தப்பியவன் செய்யக்கூடிய காரியம் இல்லை அது. நீங்கள் நம்பாமல் போய்விடுவீர்களோ என்பது ஒன்றுதான் இப்போது என் பயம்.

விசிறி ஏன் நின்றுவிட்டது? மின்சாரம் போய்விட்டதா? பரவாயில்லை. கதவையாவது திறந்து வையுங்கள்.

கடைசிப் பேச்சு வீட்டில் நடந்தது என்று சொன்னேன். வானொலியில் பேசுவதை நாங்கள் பேச்சாக எடுத்துக்கொள்வதில்லை, அதனால் அப்படிச் சொன்னேன். புறப்படலாம் என்று நான் சொன்னதும் அவள் உடனே கிளம்பவில்லை. "அவசரம் இல்லையென்றால் மூன்று நிமிடம் நிற்கிறேன். நீங்கள் நிதானமாகப் பாருங்கள்," என்றாள். முறைப்படியான சொற்கள்தான், எல்லோரும் கேட்கும் அலைவரிசை. எனக்குப் படம் போய்விட்டதோ என்று நினைத்திருக்கிறாள். மற்றவர்களுக்குத் தெரியாமல் எனக்கு நேரம் வாங்கிக் கொடுத்தாள்.

"தேவையில்லை. காற்று நன்றாக இருக்கிறது," என்றேன்.

அதற்குப் பிறகு ஒலிப்பதிவில் இயந்திர இரைச்சல் மட்டும்தான் கேட்கிறது என்றீர்கள். அதில் அவள் குரல் இருக்கிறது. வானொலி முறையை விட்டுவிட்டு, எங்கள் சமையலறையில் பேசுவது போல, மெதுவாக.

"நீ பாத்துட்டல்ல, முனீர்? அப்ப சரி."