விளம்பர இடைவேளைக்குப் பிறகு

தொலைக்காட்சியில் பேசப் போகிறவர்கள் சின்னக் கட்டம் போட்ட சட்டை போடக் கூடாது, மேடம். திரையில் கட்டங்கள் நெளியும். பார்ப்பவர்களுக்குத் தலை சுற்றும். நான் அரங்கத்துக்குப் போன முதல் நாள் மேக்கப் போடும் அம்மா சொல்லிக் கொடுத்த பாடம் அது. அதற்குப் பிறகு அங்கே எனக்கு யாரும் எதையும் சொல்லித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரே நிறச் சட்டை போட்டவன் எதைச் சொன்னாலும் எடுபட்டது.

நான் எப்படிப் போர் நிபுணர் ஆனேன் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. என் மனைவியும் அதைத்தான் கேட்டாள். கப்பல் சரக்குகளுக்குக் காப்பீடு செய்யும் அலுவலகத்தில் பாதி ஆயுளைக் கழித்தவன் நான். உலகத்தில் உள்ள துறைமுகங்களின் பெயர்களைப் பிசகாமல் உச்சரிப்பேன். கட்சிப் பத்திரிகையில் அவ்வப்போது எழுதுவேன். எங்கோ ஒரு கடல் முற்றுகை நடந்தபோது விவாதத்துக்குப் போக வேண்டியவருக்குக் காய்ச்சல். "உனக்குத்தான் அந்த ஊர்ப் பேரெல்லாம் வாயில நுழையுமே, போய் உக்காரு" என்று எங்கள் ஊடகப் பொறுப்பாளர் அனுப்பி வைத்தார். போய் உட்கார்ந்தவன் அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. வீட்டில் கரப்பான்பூச்சியை அடிக்க மனைவியைக் கூப்பிடுகிற ஆள் நான். அரங்கத்தில் எல்லோரும் என்னை ஜெனரல் என்றார்கள். கேலிக்குத்தான் என்று தெரியும். ஆனாலும் காதுக்கு இதமாகத்தான் இருந்தது.

எதிர்க்கட்சிக்காகப் பேச வருகிறவரை நாங்கள் புரொபசர் என்போம். திரையில் நானும் அவரும் கீரியும் பாம்பும். மேக்கப் அறையில் ஒரே கண்ணாடிக்கு முன்னால் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அவருடைய முழங்கால் வலிக்கு நான் தைலம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அவர் எனக்கு நல்ல பல் டாக்டரைக் காட்டியிருக்கிறார்.

எங்கள் கட்சி ஆட்சியில் இல்லாத காலத்தில் வேறொரு நாட்டில் போர் மூண்டது. "நம்ம ஆள் ஒருத்தரைக்கூட அங்க விட்டு வைக்கக் கூடாது, இன்னைக்கே விமானம் அனுப்புங்க" என்று நான் மேசையைத் தட்டினேன். "பீதியைக் கிளப்பாதீங்க" என்றார் புரொபசர். பிறகு தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது. நாங்கள் நாற்காலியை மாற்றிக்கொள்ளவில்லை, வசனத்தை மட்டும் மாற்றிக்கொண்டோம். இந்தப் போர் தொடங்கிய வாரம், துணி மடித்துக்கொண்டே டிவி பார்த்த என் மனைவி சொன்னாள்: "போன தடவ நீங்க பேசினதை இப்ப அவர் பேசறார். அவர் பேசினதை நீங்க பேசறீங்க. பேசாம பழைய வீடியோவைப் போட்டுட்டு ரெண்டு பேரும் வீட்லயே இருக்கலாம்."

"சூழ்நிலை வேற" என்றேன்.

சூழ்நிலை எப்போதும் வேறாகத்தான் இருக்கும், மேடம். எங்கள் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது.

சண்டை நடந்த நாட்டின் ஆற்றங்கரை நகரத்தில் நம்மவர்கள் ஏராளமாக வேலை பார்த்தார்கள். என் தங்கை மகள்கூட அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். "அஞ்சத் தேவையில்லை, இருக்கும் இடத்திலேயே இருங்கள்" என்றது நமது அரசு. அவசரமாக ஆட்களை அழைத்து வந்தால், அந்த நாட்டோடு அப்போதுதான் போட்ட ஒப்பந்தத்துக்கு முகத்தில் கரி பூசினாற்போல் ஆகிவிடும். எனவே போர் ஆற்றைத் தாண்டாது என்று நானும் தினமும் சொன்னேன். அரங்கத்தில் பெரிய வரைபடம் உண்டு. அதில் ஆற்றைக் குச்சியால் தொட்டுக் காட்டுவேன். என் கை அகலத்துக்கு நல்ல நீலத்தில் இருந்தது. அந்த ஆற்றை எந்தப் படையாலும் தாண்ட முடியாது. அச்சடித்தவர் அவ்வளவு தாராளமாக வரைந்திருந்தார்.

ஒரு நாள் ஊடகப் பொறுப்பாளர் என்னை நடைபாதையில் ஓரங்கட்டினார். "தூதரகத்துல இருக்கிறவங்க அவங்கவங்க பெண்டாட்டி பிள்ளைகளைச் சத்தமில்லாம அனுப்பிட்டாங்க. நிலைமை சரியில்ல. உன் காதோட இருக்கட்டும். ஒரு வாரம் சமாளி."

"சரி" என்றேன்.

இந்தச் ‘சரி’யை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ளலாம். அன்று சாயங்காலமும் அதே குச்சி, அதே ஆறு.

அன்றைக்குத்தான் புரொபசர் என்னை மடக்கினார். "உங்க வீட்டுப் பொண்ணு அங்க இருந்தா இப்படிப் பேசுவீங்களா?" என்றார். பழைய அஸ்திரம், வேறு எதுவும் கைவசம் இல்லாதபோது எடுப்பது. நான் தண்ணீர் ஒரு மடக்குக் குடித்தேன். "என் தங்கச்சி பொண்ணே அங்கதான் இருக்கா. பயந்து ஓடி வரல. நாளைக்கு நேரலையில கூப்பிடுறேன், நீங்களே கேட்டுக்குங்க" என்றேன். பார்வையாளர்கள் கைதட்டினார்கள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கைதட்டல் என்னோடு காரில் வந்தது.

வீட்டுக்கு வந்து அவளுக்குப் போன் போட்டேன்.

"மாமா, நானே கூப்பிடணும்னு இருந்தேன்" என்றாள். "ஆஸ்பத்திரியில எங்களுக்கு பஸ் விடறாங்க. நாளைக்கு சாயங்காலம். எல்லை தாண்டிக் கொண்டுபோய் விட்டுருவாங்களாம். நான் பேர் குடுத்துட்டேன். நீங்க டிவில ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றீங்க, அதான் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு."

போகாதே என்று நான் சொல்லவில்லை. அவ்வளவு கெட்டவன் இல்லை. "தாராளமா போ கண்ணு" என்றேன். "ஆனா பஸ் ஏறறதுக்கு முன்னாடி நேரலையில ரெண்டு வார்த்தை பேசிடு. பத்திரமா இருக்கோம், எங்கயும் போகலன்னு. சொல்லிட்டு ஏறிடு. யாருக்குத் தெரியப் போகுது?"

"பொய் சொல்லச் சொல்றீங்களா மாமா?"

"பொய் எங்க வந்தது? நீ சொல்ற நேரத்துல அங்கதானே நிப்ப?"

அவள் சிரித்துவிட்டாள். "உங்ககிட்ட பேசி ஜெயிக்க முடியுமா?" என்றாள். முடிந்திருக்கும். நான் தாய்மாமன் என்பதால் அவள் முயற்சி செய்யவில்லை.

மறுநாள் அவள் பேசியதை நாடே பார்த்தது. தெளிவாகப் பேசினாள், எடுப்பாகப் பேசினாள். "இங்க நோயாளிங்க இருக்காங்க, நாங்க இருக்கோம். எங்க மாமா சொல்றது சரிதான்" என்றாள். அதுதான் பிறகு லட்சக்கணக்கான போன்களுக்குப் போனது. ஒரு விளம்பர இடைவேளை வந்தது. இடைவேளைக்குப் பிறகு நெறியாளர் இன்னொரு கேள்வி கேட்டார். அதற்கும் பதில் சொன்னாள். புரொபசர் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

அவள் பஸ்ஸைத் தவறவிட்டாள். அடுத்த நாள், எல்லைக்குப் போகிற சாலையில் இருந்த கால்வாய்ப் பாலம் தகர்ந்தது. வெளியே போக வழி இல்லை, போன் தொடர்பும் அறுந்தது. படைகள் ஆற்றைத் தாண்டின. அந்த வாரத்துக்குள்ளேயே ஆஸ்பத்திரியின் ஒரு பக்கம் இடிந்து விழுந்தது. அவள் அந்தப் பக்கத்தில் இருந்தாள்.

எனக்குச் செய்தி சொன்னவர் எங்கள் நெறியாளர். "ரொம்ப வருத்தமா இருக்கு சார்" என்றார். பிறகு, "இன்னைக்கு வர முடியுமா?" என்றார். போனேன். எந்தச் சட்டை போடுவது என்று யோசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கறுப்பு போட்டேன். கண்ணுக்குக் கீழே இருந்த வீக்கத்தை மேக்கப் போடும் அம்மா மறைக்கவில்லை. "இப்படியே இருக்கட்டும் சார்" என்றார். தொழில் தெரிந்தவர்.

முந்தைய ஆட்சி போக்குவரத்து விமானங்களை வாங்காமல் விட்டதால்தான் என் தங்கை மகள் செத்தாள் என்று அன்றைக்கு நான் பேசினேன். கோவையாகவே பேசினேன். புரொபசர் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். அவர் கண்ணிலும் நீர். பிறகு தன் இடத்துக்குத் திரும்பிப் போய், அவள் பேசிய காட்சியைப் போடச் சொல்லி, எங்கள் அரசைக் கிழி கிழியென்று கிழித்தார். அந்தப் பெண் பஸ் ஏறாமல் ஏன் நின்றாள் என்று அவரும் கேட்கவில்லை. தியாகியாக அவள் எனக்குத் தேவைப்பட்டாள், பலியாக அவருக்குத் தேவைப்பட்டாள். காரணம் இரண்டு பேருக்கும் தேவைப்படவில்லை.

என் தங்கை வீட்டுக்கு மறுநாள் போனேன். நாற்காலிகளை எல்லாம் கூடத்திலிருந்து எடுத்துவிட்டு எல்லோரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மச்சான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். திட்டுவாள், அடிப்பாள் என்று தயாராகப் போயிருந்தேன்.

"உன்னாலதாண்ணா அவ குரலைக் கடைசியாக் கேட்டேன்" என்றாள். "நீ மட்டும் கூப்பிடலன்னா எனக்கு அதுவும் இருந்திருக்காது."

அந்தக் காட்சியைத் தன் போனில் வைத்திருந்தாள். போட்டுக் காட்டினாள். இடைவேளைக்குப் பிறகு வரும் பகுதியில் நிறுத்தி, ஒலியைக் கூட்டினாள்.

"பின்னாடி ஏதோ ஹாரன் அடிக்குதே, கேக்குதா? விட்டு விட்டு அடிக்குது. அது என்னண்ணா?"

"ஆஸ்பத்திரி இல்லையா, ஆம்புலன்ஸா இருக்கும்" என்றேன்.

"அதான் நானும் நினைச்சேன்" என்றாள்.

மச்சான் சுவரிலிருந்து கண்ணை எடுத்து என்னை ஒரு முறை பார்த்தார். அவர் லாரி ஓட்டியவர்.

மேடம், அந்த பஸ் டிரைவர் உங்கள் விசாரணையில் சொன்னதைப் பத்திரிகையில் படித்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெண் போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாளாம். இவர் ஹாரன் அடிக்க அடிக்க, ஒரு விரலைக் காட்டிக் காட்டி, இதோ வந்துவிட்டேன் என்று சைகை செய்தாளாம். மற்றவர்கள் கத்தியதால் வேறு வழியில்லாமல் கிளம்பினாராம். அதையும் ஒளிபரப்பையும் பொருத்திப் பார்த்துத்தான் என்னை அழைத்திருக்கிறீர்கள். எனக்குத் தெரியாது, நான் அரங்கத்தில் இருந்தேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். என் வக்கீல் அதைத்தான் சொல்லச் சொன்னார். இடைவேளையில் பேசியது ஒளிபரப்பாவதில்லை, பதிவாவதும் இல்லை.

இடைவேளையில் அவள் குரல் என் காதுக் கருவியில் வந்தது.

"மாமா, பஸ் கிளம்புது. ஹாரன் அடிக்கிறாங்க. வெச்சிடட்டுமா?"

எதிரே புரொபசர் இருந்தார். கூப்பிட்டு வந்த பெண் பாதியில் காணாமல் போனால், இடைவேளை முடிந்ததும் அவர் என்ன சொல்வார் என்று எனக்கு மனப்பாடமாகத் தெரியும். அவர் இடத்தில் நான் இருந்தால் அதையேதான் சொல்லியிருப்பேன்.

"ஒரே ஒரு கேள்விதான் கண்ணு. உன்ன விட்டுட்டா போயிடுவாங்க? நில்லு" என்றேன்.

நின்றாள். சின்ன வயதிலிருந்தே சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை.

இதையாவது தவறான கணிப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். என் தொழிலில் அதற்கு மன்னிப்பு தாராளமாகக் கிடைக்கும். நான் சொல்ல வந்தது அதற்கும் பிறகு நடந்தது. நிகழ்ச்சி முடிந்ததும் அவளே கூப்பிட்டாள். "பஸ் போயிடுச்சு மாமா" என்றாள். தூதரகத்துக் குடும்பங்கள் போய்விட்டது எனக்குத் தெரியும். நிலைமை சரியில்லை என்பதும் தெரியும். வேறு வண்டி பிடி, நடந்தாவது பாலத்தைத் தாண்டு என்று அப்போதே கத்தியிருக்க வேண்டும். பாலம் அப்போது நின்றுகொண்டுதான் இருந்தது.

எனக்கு நிம்மதியாக இருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு கேமராவில் அவள் முகம் தெரிந்து என் மானம் கப்பலேறும் என்ற பயம் போய்விட்டது.

"விடு கண்ணு, டிவியில சொன்னது பொய்யாகாமப் போச்சு பாரு" என்றேன்.

அவளும் சிரித்தாள்.

அவ்வளவுதான், மேடம். இதற்குச் சட்டத்தில் பிரிவு இருக்கிறதா என்று வக்கீலைக் கேட்டேன். தேடிப் பார்த்துவிட்டு, இல்லை என்றார். ஊடகப் பொறுப்பாளரைக் கேட்டால் அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்பார். நம்பும்படியாகவும் சொல்வார். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டினால் போட்டுவிட்டுக் கிளம்புவேன். கீழே சேனல் வண்டி நிற்கிறது. இன்றைக்குத் தலைப்பு, ‘அயல்நாட்டுப் போரில் நம்மவர் உயிர்: பொறுப்பு யாருக்கு?’ அதைப் பேச என்னைவிடத் தகுதியான ஆள் கிடைக்கவில்லை என்று நெறியாளர் சொன்னார். யோசித்துப் பார்த்தேன், அவர் சொல்வதும் சரிதான். இப்போதெல்லாம் திரையில் என் பெயருக்குக் கீழே போர் நிபுணர் என்று போடுவதில்லை. அந்தப் பட்டம் எனக்கும் உறுத்தலாகத்தான் இருந்தது. ‘தங்கை மகளைப் போரில் பறிகொடுத்தவர்’ என்று போடுகிறார்கள். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லையே.