நான்கு ஆம்பியர் வீடு

கேம் ஆட கம்ப்யூட்டர் வேண்டும் என்று வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கிராபிக்ஸ் கார்டைத்தான் கேட்பார்கள். நான் முதலில் கேட்பது, "வீட்டுக்கு எத்தனை ஆம்பியர்?" என்று. பதினாறு வருடமாகப் பாக்தாத்தின் சினாஆ தெருவில் இதுதான் என் தொழில். கையில் இருக்கும் பணத்துக்குள் ஒன்றோடொன்று சேரும் பாகங்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பேன். போர்டில் உட்காராத புராசஸரையோ பெட்டிக்குள் நுழையாத கார்டையோ என் கடையிலிருந்து ஒருவரும் கொண்டுபோனதில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம், ஐயா. டீக்கு நன்றி. சர்க்கரை போதும்.

ஆம்பியர் கணக்கு பாக்தாத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அரசு மின்சாரம் போனால் தெரு ஜெனரேட்டர். எத்தனை ஆம்பியருக்குப் பணம் கட்டியிருக்கிறோமோ அதைத் தாண்டி இழுத்தால் ஜெனரேட்டர் கொட்டகையில் நம் வீட்டு ஸ்விட்ச் விழுந்துவிடும். யாராவது போன் செய்து தூக்கிவிடச் சொல்ல வேண்டும். கோடையில் பத்து ஆம்பியர் எடுக்கிற வீடுகள்கூடக் குளிர்காலத்தில் நான்குக்கு இறங்கிவிடும். ரஃபல் வீடும் அப்படித்தான்.

ரஃபல் எனக்கு நிச்சயமானவள். ஆரம்பப் பள்ளியில் ஆசிரியை, பிற்பகல் வகுப்புகள். நான்கு வருடத்துக்கு முன் இரண்டு குடும்பமும் உட்கார்ந்து ஃபாத்திஹா ஓதி நிச்சயத்தை முடித்தோம். அடுத்த மாதமே அவள் அப்பா ஹாஜி ஷவ்கத்துக்கு நுரையீரல் படுத்துவிட்டது. அன்றிலிருந்து அவர் மூச்சு ஒரு ஆக்ஸிஜன் மெஷினில் ஓடியது. மின்சாரம் நின்றால் பக்கத்தில் ஒரு சிலிண்டர். குழாயை மாற்றிப் போட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் ரஃபல்.

"அப்பா மூச்சு என் கையில இருக்கு, சர்மத். நான் எப்படி எந்திரிச்சு உங்ககூட வர்றது?" என்பாள். என் வீட்டுக்கு அவரையும் அழைத்து வரலாம் என்றேன். ஹாஜி கேட்கவில்லை. ரயில்வேயில் முப்பது வருடம் வேலை பார்த்தவர், சொந்தக் கட்டிலை விட்டு நகரமாட்டார். ஆனால் என்மேல் கோபம் கிடையாது. வியாழக்கிழமை தோறும் நான் கெய்மர் பாலாடையும் காஹி ரொட்டியும் வாங்கிக்கொண்டு போனால், மூக்கில் குழாயோடு சிரிப்பார்.

"வந்துட்டாருய்யா மாப்பிள்ளை. நாலு வருஷமா எங்க வீட்டு டீயைக் குடிச்சே தீர்க்கிறான். ஏண்டா, பொண்ணைக் கட்டப்போறியா, கெட்டிலைக் கட்டப்போறியா?"

நானும் சிரிப்பேன். அவர் நல்ல மனிதர். அதை யாரும் மறுக்க வேண்டாம்.

நவம்பரில் ரஃபலின் தம்பி நப்ராஸ் கடைக்கு வந்தான். இருபத்து நான்கு வயது. படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிறான். அக்கா பள்ளிக்குப் போகும் மதியங்களில் அப்பாவைப் பார்த்துக்கொள்வது அவன்தான்.

"அண்ணே, என் கம்ப்யூட்டர்ல கேம் ஆடினா பசங்க சிரிக்கிறானுங்க. 'நப்ராஸ் கழுதை வண்டியில வர்றான், கொஞ்சம் நில்லுங்கடா'ன்னு மைக்லயே கத்துறானுங்க. ஆறு லட்சம் தினார் சேர்த்து வெச்சிருக்கேன். ஒரு நல்ல மெஷினா போட்டுக் குடுங்க."

முதல் பட்டியலை அவன் எதிரிலேயே எழுதினேன். தனி கார்டு தேவைப்படாத புராசஸர், சிறிய போர்டு, அளவான பவர் சப்ளை. மானிட்டரோடு சேர்த்து அரை ஆம்பியர். ஹாஜியின் மெஷினுக்கு இரண்டு ஆம்பியர், ஃபிரிட்ஜுக்கு ஒன்று, விளக்குகளுக்கு அரை. மொத்தம் நான்கு. கச்சிதமான பட்டியல் அது. இன்னும் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது.

"அக்காகிட்ட கேட்டுட்டு நாளைக்கு வா" என்று அவனை அனுப்பினேன். அன்று மாலை இரண்டாவது பட்டியலை எழுதினேன்.

அதிலும் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்தன. கிரிப்டோ காயின் தோண்டும் கம்ப்யூட்டர் பண்ணையிலிருந்து வந்த பழைய கார்டு ஒன்று என்னிடம் இருந்தது. விலை பாதி, பசி இரண்டு மடங்கு. அதற்கேற்ற பெரிய பவர் சப்ளை. கேம் ஓடினால் கம்ப்யூட்டருக்கு மட்டும் இரண்டு ஆம்பியர். பிறகு, மின்சாரம் மாறும்போது ஆட்டம் நிற்கக்கூடாது என்று கார் பேட்டரி இணைத்த ஒரு யுபிஎஸ். இன்டர்நெட் போய்விட்டால் யுபிஎஸ் இருந்து என்ன பயன்? ரவுட்டரையும் அதிலேயே சொருகினேன். மின்சாரம் போகும்போதெல்லாம் யுபிஎஸ் கத்தினால் எரிச்சலாக இருக்கும் என்று உள்ளே இருந்த பஸ்ஸரின் வயரை வெட்டினேன். காதை முழுதாக மூடும் ஹெட்செட் ஒன்றை என் அன்பளிப்பாகக் கொடுத்தேன். நப்ராஸ் என் கன்னத்தில் இரண்டு பக்கமும் முத்தமிட்டான்.

பொருத்திக்கொண்டிருந்தபோது ரஃபல் டீயோடு வந்து நின்றாள்.

"சர்மத், அப்பா மெஷினையும் இந்த பேட்டரியிலயே போட்டுட முடியாதா? நான் ஸ்கூல்ல இருக்கும்போது மனசு பதறாம இருக்கும்."

முடியும். கேம் இல்லாமல் அதை மட்டும் போட்டால் மூன்று மணி நேரம் தாங்கும். "இது கம்ப்யூட்டருக்கான யுபிஎஸ். மருத்துவ மெஷினுக்குச் சேராது" என்றேன். அவள் தலையாட்டினாள். பாகங்களைப் பற்றி நான் சொன்னதை அந்த வீட்டில் யாரும் மறுத்துப் பேசியதில்லை.

டிசம்பரில் மூன்று முறை ஸ்விட்ச் விழுந்தது. மூன்று முறையும் ரஃபல் வீட்டில் இருந்தாள். குழாயைச் சிலிண்டருக்கு மாற்றிவிட்டு, ஜெனரேட்டர்காரர் அபு தாலிபுக்குப் போன் போட்டாள். ஒரு முறை நான் பக்கத்தில் இருந்தேன்.

"நாலு ஆம்பியருக்குக் காசு வாங்கிட்டு மூணுதான் விடுறீங்களா? அல்லாவுக்குப் பயப்படுங்க, அபு தாலிப்."

"தங்கச்சி, என் பிள்ளைங்க மேல சத்தியம், மீட்டரை வந்து பாரு. உங்க வீட்டுக்குள்ள யாராவது இரும்பு உருக்குறீங்களா?"

"உருக்குறதுக்கு இங்க என் நெஞ்சுதான் இருக்கு" என்று சொல்லிப் போனை வைத்தாள். இந்த ஊரில் ஸ்விட்ச் விழுந்தால் எல்லோரும் ஜெனரேட்டர்காரரைத்தான் திருடன் என்பார்கள். தன் வீட்டுக்குள் திரும்பிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றாது. நானும் அவளோடு சேர்ந்து அபு தாலிபைத் திட்டினேன்.

ஜனவரி பதினாலு, செவ்வாய்க்கிழமை. எங்கள் பகுதியில் மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை அரசு மின்சாரம் இல்லை. ரஃபல் பள்ளியில். ஒன்றரைக்கு நப்ராஸுக்குப் போன் செய்தேன்.

"கார்டு எப்படிடா இருக்கு?"

"சிங்கம் அண்ணே. ஆனா ஃபேன் சத்தத்துக்கு அக்கா திட்டுறான்னு செட்டிங்கைக் குறைச்சு வெச்சு ஆடுறேன்."

"குறைச்சு வெச்சு ஆடவா அதைக் குடுத்தேன்? எல்லாத்தையும் உச்சத்துல வெச்சு ஒரு ஆட்டம் ஓடவிட்டுப் பாரு. சூடு எவ்வளவு ஏறுதுன்னு எனக்கு அப்புறமா சொல்லு."

"சரிண்ணே. பசங்களும் லைன்லதான் இருக்கானுங்க."

நான் செய்தது அவ்வளவுதான். பிறகு கடையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கீபோர்டு விற்றேன். ஒரு மாணவனுக்கு ராம் மாற்றிக் கொடுத்தேன். போன் மேசைமேல் என் முன்னால் கிடந்தது. அபு தாலிபுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஸ்விட்சைத் தூக்கியிருப்பார். இரண்டே கால் வரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அதன்மேல் ஒரு துணியைப் போட்டேன். அந்தத் துணிதான் தினமும் கனவில் வருகிறது, ஹாஜி வருவதில்லை.

நாலரைக்கு ரஃபல் வீடு திரும்பினாள்.

மூன்று நாள் துக்கத்துக்கும் நான்தான் கூடாரம் போட்டேன், காப்பி ஊற்றினேன். நெடுநாள் நோய், வேளை வந்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். இரண்டாம் நாள் ஹாஜியின் அறைக்குள் போனேன். நப்ராஸின் அறைக்கும் அதற்கும் நடுவில் ஒரே சுவர். கட்டிலிலிருந்து கை எட்டும் உயரத்தில், கைத்தடியின் நுனி பட்டுச் சுண்ணாம்பு பெயர்ந்திருந்தது. பதினேழு இடங்கள். மேலே இருந்தவை ஆழமாக இருந்தன. கீழே வரவர வெறும் கீறல்.

நாற்பதாம் நாளுக்கு முன் அந்தச் சுவரைப் பூசி வெள்ளையடித்துக் கொடுத்தேன். ரஃபல் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லேன்னா நாங்க என்ன ஆயிருப்போம்" என்று அழுதாள். தூரிகை என் கையிலேயே இருந்தது.

நப்ராஸ் மட்டும் அந்தச் சுவரை முன்பே பார்த்திருந்தான். அவன் இப்போது கம்ப்யூட்டரைத் தொடுவதில்லை, வேலை தேடுவதில்லை. அப்பாவின் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். "நான்தான். சத்தம் எனக்குக் கேக்கல. நான்தான்" என்கிறான். ரஃபல் அவனுக்குச் சோறு ஊட்டுகிறாள். இன்று காலை கல்யாணப் பேச்சை எடுத்தேன். அவள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அப்பாவை விட்டுட்டு வரமுடியாதுன்னு சொன்னேன். இப்ப இவனை விட்டுட்டு எப்படி வர்றது, சர்மத்?"

அங்கிருந்து கடைக்குத் திரும்பி ஒரு காகிதத்தை எடுத்தேன். நப்ராஸின் பெயரை மேலே எழுதினேன். அதன் கீழே மூன்றாவது பட்டியலாக என்ன எழுதப்போகிறேன் என்று புரிந்தது. உடனே கிழித்துப் போட்டேன். ஆகையால் நான் கெட்டவன் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். கிழித்துவிட்டு நேராக இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். நப்ராஸைக் கூப்பிட்டு இதை முழுதாகப் படித்துக் காட்டுங்கள். கார்டு நான் தேர்ந்தெடுத்தது, ஹெட்செட் நான் கொடுத்தது, பஸ்ஸர் நான் வெட்டியது. ஹாஜி ஷவ்கத்தைக் கொன்றது நான். அவன்மேல் குற்றமில்லை என்று தெரிந்தால் எழுந்துவிடுவான், சாப்பிடுவான், வேலைக்குப் போவான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ரஃபலைப் பிடித்துவைக்க ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

எத்தனை வருடம் கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. காத்திருப்பது அவளுக்குப் பழக்கம்தான். அவளிடம் சொல்லுங்கள், என் வீட்டுக்குப் பத்து ஆம்பியர் எடுத்து வைத்திருக்கிறேன், அவள் வந்தால் அங்கே எதுவும் அணையாது.