ஜன்னல் ஓரத்தில் ஒரு கை

வேலூர்க் கோட்டையில் ஜன்னல்களைப் படமெடுப்பதற்காக, ஒவ்வொரு ஜன்னலுக்கும் என் மனைவியைத் தள்ளி நிற்கச் சொன்ன முட்டாள் நான். திரும்பி வந்த ஆம்பூர் பஸ்ஸில், முன்சீட்டில் ஒரு அண்ணனும் தங்கையும். அண்ணன் கழுத்தில் ஷூ கம்பெனி அட்டை. போனில் இடமில்லை என்று பழைய படங்களை அழித்துக்கொண்டிருந்தார்.

“பாய், அந்தக் கையை அழிச்சிடாத,” என்றாள் தங்கை.

“இன்னா கை? கோட்டை ஜன்னல்தானே இது?”

“ஓரத்துல பாரு. கம்பியைப் புடிச்சிருக்கு. நம்ம அம்மி கை.”

அவர் படத்தைப் பெரிதாக்கி, அம்மாவின் கையைப் பார்த்தார்.

“போட்டோவே வேணாம்னு அன்னிக்கு முழுக்க ஒதுங்கி ஒதுங்கி நின்னாங்களே.”

“என்னிக்குமே அப்படித்தானே. மவுத்தாகி அடக்கம் பண்ணினப்புறம் தேடுறோம். ஆதார் கார்டுல இருக்கிறது அம்மி மாதிரியா இருக்கு?”

பள்ளிகொண்டா தாண்டியதும் தங்கையின் போன் ஒலித்தது. பிறகு அண்ணன் சொன்னார்: “உனக்கும் அனுப்பிட்டேன். நீயும் அழிச்சிடாத.”

வீட்டுக்கு வந்ததும், நான் எடுத்த ஜன்னல்களில் என் மனைவியின் கை எதிலாவது விழுந்திருக்கிறதா என்று தேடினேன். அவள் எட்டிப் பார்த்தாள்.

“எல்லாத்துலயும் ஒரு விரல் இருக்கே. அது உங்களுதுங்க.”