மழையில் அக்காவுக்கு மட்டும் தண்ணீர் இல்லை

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். எழுதினாலும் விளையாட்டு என்பார்கள்; பொய் சொல்லி ஆட்களை ஏமாற்றுகிறவன் என்று எனக்குப் பெயர்.

ஓடுகிறோம். குண்டுக்குப் பயந்து இல்லை. தேயிலைத் தோட்டத்து மலைதான் விழுகிறது. முதலில் 'டக்'. மரம் முறிவதுபோல். பிறகு லாரி கல் கொட்டுவதுபோல் நீளமாய்.

"மண்ணு எறங்குது! லயத்த விட்டு வெளிய வாங்க!"

செல்வி அக்கா பிள்ளை பெற்று ஒரு வாரம். பிள்ளையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு அவளுடைய மாமியார் முன்னால் ஓடுகிறார். அக்காவை நான் இழுக்கிறேன். பள்ளிக்கூட வாசலில் திரும்பிப் பார்க்கிறேன். எங்கள் வரிசை வீடுகள், அந்த லயம், இருந்த இடத்தில் சிவப்பு மண்.

உள்ளே போனதும் அக்கா தண்ணீர் கேட்டாள். மாமியார் போத்தல் மூடியில் சாயத்தண்ணீர், பால் சேர்க்காத தேநீர், கொடுத்தார். ஒரே மூடி. பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் வயிறு ஊதும். பிள்ளைக்குச் சளி பிடிக்கும். லயத்துச் சட்டம். சாப்பாடு காய்ந்த ரொட்டி, சுட்ட கருவாடு. கீரை கிடையாது. பழம் கிடையாது.

"மாமி, கூரையெல்லாம் ஒழுகுது. அக்கா வாய்க்கு மட்டுமா பஞ்சம்?"

"போடா வாயாடி. நாலு பெத்தவ நான்."

அக்காவின் உதடு வெடித்தது. பிள்ளை உறிஞ்சும். விடும். கத்தும்.

மறுநாள் மிட்வைஃப் வந்தார்.

"தாகம் எடுக்கிறப்பல்லாம் குடிக்கணும். கீரை, பருப்பு, முட்டை எல்லாம் சாப்பிடணும். குடுக்கிறீங்களா?"

"கேக்கிறப்பல்லாம் குடுக்கிறோம் மிஸ்," என்றார் மாமியார்.

"பொய் மிஸ்! ஒரு மூடிதான்!" கத்தினேன்.

அக்கா மாமியாரைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"குடிக்கிறேன் மிஸ். இவன் எப்பவும் இப்படித்தான் வெளையாடுவான்."

எல்லோரும் சிரித்தார்கள். மிஸ்ஸும். யாருக்காகக் கத்தினேனோ, அவளே.

சாயங்காலம் அக்காவுக்குக் காய்ச்சல். எழுந்தாள். 'தொப்'. விழுந்தாள். ஆட்டோ ஓட்டும் என் கூட்டாளி பாயிஸுக்குப் போன் போட்டேன். வருகிறேன் என்றான். வரவில்லை. ரோட்டில் மண் என்று பிறகு சொன்னான். கம்பளியில் கிடத்தித் தூக்கிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு நடந்தோம். செலைன் ஏற்றினார்கள். பிழைத்தாள்.

இழந்தவை. ஒரு லயம். அதில் பத்துக் காம்பரா, பத்துக் குடும்பத்தின் அறைகள். இரண்டு ஆடு. ஆள் சேதம் இல்லை என்று அதிகாரிகள் எழுதிக்கொண்டு போனார்கள். அக்காவின் பால் அதில் சேராது. அது மறுபடி சரியாக ஊறவேயில்லை. பிள்ளை டின் பாலில் வளர்கிறது. அக்காவை நான் இப்போது கேலி செய்வதில்லை.

இதை முதலில் பாயிஸுக்குத்தான் அனுப்பினேன். பதில் வந்தது.

"ரோட்டுல மண்ணு இல்லடா மச்சான், நீ வெளையாடுறேன்னு நெனச்சுத்தான் நான் வரல்ல."