பக்கத்து நாட்டுக்காரன் ஓட்டு

...சைபர்! நீங்களே சொல்லுங்க, சைபர்னா அது ஒரு மார்க்கா? இத்தனை நாட்டுக்காரன் உக்காந்து டிவி பாக்குறான், ஒருத்தன் விரல்கூடவா நம்ம மால்டா பக்கம் திரும்பல? தலைய ஆட்டாதீங்க கண்ணு, டை காதுல இறங்கிடும். எனக்கு மனசே ஆறல. கடைக்கு வர்றவங்ககிட்டல்லாம் இதே பேச்சுதான். வீட்டுக்காரரு சொல்றாரு, "சென்சா, யூரோவிஷன் பாட்டுப் போட்டி முடிஞ்சு போச்சு, நீதான் இன்னும் முடியல"ன்னு. அவரு பேசுவாரு. அவருக்கு எவனாவது பந்து உதைச்சா போதும்.

எல்லாம் இந்த அக்கம்பக்கத்துக்காரங்க பண்ற அக்கிரமம்ங்க. சைப்ரஸ்காரன் கண்ண மூடிட்டு கிரீஸுக்குப் போடுவான். கிரீஸ்காரன் அத அப்படியே திருப்பி சைப்ரஸுக்குப் போடுவான். மொய் எழுதுற மாதிரி! வடக்க இருக்குறவங்க அதுக்கும் மேல. ஸ்வீடன்காரன் தும்முனா நார்வேக்காரன் பன்னெண்டு மார்க்கு குடுப்பான். பாட்டு நல்லாருக்கா, குரல் இருக்கா, அதெல்லாம் யாரு பாக்குறா? பக்கத்து வீட்டுக்காரனா, இந்தா எடுத்துக்கோ! வெக்கமா இல்ல? நமக்கு யாரு இருக்கா பக்கத்துல? சுத்திக் கடலு. மீனுக்கா ஓட்டு இருக்கு? நமக்கு நாமே போட்டுக்கலாம்னா அதுக்கும் விதி இல்ல. இத்தாலிக்காரன் இருக்கான், கூப்பிடு தூரம். அவன் டிவியப் பாத்தே வளந்தவங்க நாம. ஒரு மார்க்கு... ஒண்ணே ஒண்ணு... குடுத்தா கொறஞ்சா போயிடுவான்?

என்ன கேட்டீங்க? போட்டிக்கு அனுப்ப நம்மூர்ல ஆளத் தேர்ந்தெடுக்குறப்ப நான் யாருக்கு ஓட்டு போட்டேனா? இருங்க, பின்னாடி ஒரு நரை தப்பிச்சு நிக்குது. குனிங்க. நல்லா குனிங்க.

நீங்க கோஸோத் தீவுதானே? பேச்சுலயே தெரிஞ்சுது... பேசாததுலயே தெரிஞ்சுதுன்னு வைங்க. கோஸோக்காரங்க வாயிலேருந்து ஒரு வார்த்தை வேணும்னா படகு புடிச்சு வந்துதான் வாங்கணும். தப்பா நினைக்காதீங்க. பேக்கரி மாடிக்கு யாரோ கோஸோக்காரங்க குடி வந்திருக்காங்கன்னாங்க, நீங்களாத்தான் இருக்கும். நல்ல வீடு. ரொட்டி வாசனை சும்மாவே வரும்.

எதுல விட்டேன்? ஆங், நம்ம சார்பா பாடப் போன அந்தப் பய. கிளேட்டன். ஸ்லீமா ஊர்க்காரன். பல்லு நல்ல பல்லு, அதுல நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா பாட வேண்டியது பல்லு இல்லையே! மேடையில சுத்தி நெருப்பு, புகை, மேலேருந்து கயித்துல தொங்குற பொண்ணுங்க வேற. அவன் மேல் சுருதிக்கு ஏறுனப்ப எங்க வீட்டுப் பூனை சோபாவுக்கு அடியில போனதுதான், மீன காட்டித்தான் வெளிய இழுத்தோம். என் தங்கச்சி மெல்போர்ன்லேருந்து போனு, "உங்க தீவுல வேற ஆளே இல்லையா?"ன்னு.

ஆளா இல்ல! இந்தா, கண்ணாடியில பாருங்க, உங்க தோளுக்கு மேல எதிர்வீடு தெரியுதா? பச்சைக் கதவு? அந்த வீட்டுப் பொண்ணு டோரியானா. அவ பாடுனா... எப்படிச் சொல்றது... நான் கத்திரியக் கீழ வச்சுடுவேன். மாடியில துணி காயப் போட்டுக்கிட்டே பாடுவா பாருங்க, மீன் வண்டிக்காரன் தெருவுக்குள்ள வந்தா ஹார்ன் அடிக்க மாட்டான். சின்னதுலேருந்து அவ தலை என் கையிலதான். முதல் நற்கருணைக்கு நான்தான் பின்னி விட்டேன். பள்ளிக்கூடப் பாட்டுப் போட்டிக்கு நான்தான். "சென்சா அத்தை, இறுக்கிப் பின்னாதீங்க, மேல் சுருதி வராது"ம்பா. கழுதை.

அவதான் இங்க ரெண்டாவது வந்தா. கிளேட்டன்கிட்ட ஒரு கைப்புடி ஓட்டுல தோத்துட்டா. கைப்புடி! எங்க கிளப்பு ஹாலுல அன்னிக்கு உக்காந்திருந்த கூட்டமே அதவிட ஜாஸ்தி...

இல்ல, கிளப்புன்னு சொன்னது... நிமிராதீங்க, கழுத்துல பட்டா கறை போகாது. உங்க ஊர்லயும் திருவிழாவுக்கு வாசிக்குற பேண்டு கிளப்பு, புனிதருக்கு ஒண்ணா ரெண்டு இருக்குமில்ல? அப்ப உங்களுக்குப் புரியும். தெருவுக்கு இந்தப் பக்கம் நாங்க சிவப்பு. எங்க மாமனாரு சிவப்பு பேண்டுல பெரிய மத்தளம். எதிர்வீட்டுல கதவுதான் பச்சை, ஆளுங்க நீலம். போன திருவிழாவுல என்ன பண்ணாங்க தெரியுமா? எங்க புனிதரத் தோள்ல தூக்கிட்டு நாங்க வர்றோம், இவங்க எங்க கிளப்பு வாசல்ல நின்னுக்கிட்டு அவங்க புனிதர் பாட்ட வாசிக்குறாங்க! முடிச்சுட்டுப் போவாங்கன்னு பாத்தா மறுபடி முதல்லேருந்து! முன்னால கிளாரினெட்டு யாரு? டோரியானாவோட அப்பன்! மனுசங்க பொறுத்துக்கலாம், புனிதர் எதுக்குங்க பொறுக்கணும்?

அது ஆறாம கெடக்குறப்ப இவ மேடை ஏறுறா. நீலக் கவுனு! பாடி முடிச்சு, மைக்கப் புடிச்சு, "எங்க கிளப்புக்கு நன்றி"ங்குறா. எங்க ஹாலே எந்திரிச்சு நின்னுச்சு. செக்ரட்டரி சொன்னாரு, "எல்லாரும் போன எடுங்க. அந்த ஸ்லீமாப் பயலுக்குக் குத்துங்க. எவன் வேணா ஜெயிக்கட்டும், நீலம் ஜெயிக்கக் கூடாது."

ஆமா! போட்டேன்! கேட்டுக்கிட்டே இருந்தீங்களே, போதுமா? என் போன்லேருந்தும் போட்டேன், அவருக்குத் தெரியாம அவரு போன்லேருந்தும் போட்டேன். அன்னிக்குக் காலையில அவ இங்கதான், இதே நாற்காலியில உக்காந்து கொண்டை போட்டுக்கிட்டுப் போனா. நல்லா நின்னுச்சு கண்ணு. டிவியில பாத்தேன், ஒரு முடி கலையல. அழுதப்பகூடக் கலையல.

இப்பல்லாம் பாடுறதில்ல. மாடியில துணி காயுது, பாட்டு இல்ல. அவ மாடிக்கு வந்தா நான் கடைத் திரைய இழுத்து விட்டுடுறேன். இத யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. போன மாசம் அவ அண்ணனுக்குக் கல்யாணம், உங்க கோஸோவுலதான். வீடு தேடி வந்து கூப்பிட்டாங்க. நான் போகல. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது? அதுவும் அங்க நீல பேண்டுதான் வாசிச்சிருக்கும்...

ஆனா ஒண்ணு. அடுத்த வருஷம் அவ நின்னான்னா நான் போடுவேன். சத்தியமா போடுவேன். என்ன, அவங்கப்பன் எங்க கிளப்பு வாசல்ல வந்து ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டுட்டா... ஒரே ஒரு வார்த்தை. அதுகூடச் செய்யலன்னா எப்படிங்க? சரி, அத விடுங்க, அந்த சைப்ரஸ்காரன் இருக்கானே...

ஏங்க, எங்க எந்திரிக்கிறீங்க? இன்னும் கழுவலயே! தலை வெந்து போயிடும் கண்ணு! துண்டு... அது கடைத் துண்டு! பேக்கரி இந்தப் பக்கம்ங்க! ஏன் தெருவத் தாண்டுறீங்க, அது...

மாதாவே. பச்சைக் கதவுக்குச் சாவி வச்சிருக்கா.

புது மருமகளா!

என்னங்க! ஏங்க, இங்க வாங்க! பாத்தீங்களா இந்த அநியாயத்த? அந்த வீட்டுல மொத்தமா எல்லாரும் ஒரு கட்சி! எதிர்வீட்டுக்காரியாச்சேன்னு ஒரு வார்த்தை... ஒண்ணே ஒண்ணு... பேசிட்டுப் போனா கொறஞ்சா போயிடுவா?