கை தூக்காத ஊரு

எந்திரிக்க மாட்டேண்ணே. அந்தக் கம்பால இடிச்சாலும் சரி, இந்த எடத்த விட்டு நகர மாட்டேன். துரை சாப்புடுறாகன்னு நீங்கதான சொன்னீக? சாப்புடட்டும். நல்லா வயிறு நெறையச் சாப்புடட்டும். பசியோட இருக்கவுக காதுல ஒண்ணும் ஏறாது. நான் இந்தப் புளியமரத்து நெழல்ல ஓரமாக் குத்தவச்சிருக்கேன். கூடாரத்துக்கு இம்புட்டுத் தூரம் தள்ளித்தான இருக்கேன்?

மத்தவுகளா? வர்றாக, வர்றாக. வண்டி கட்டிப் பின்னால வர்றாக. நாந்தேன் குறுக்குப் பாதையில விழுந்து முன்னால ஓடியாந்துட்டேன். மலை அடிவாரத்துல இருந்து மார்க்கையன்கோட்டைக்கு வண்டி வரணும்னா ஓடையில எறங்கி ஏறணும்ல. மாடும் நோஞ்சான் மாடு. ஊரே தெரண்டு கெளம்புறதுன்னா சும்மாவா? ஒருத்தி பிள்ளைக்குப் பாலு குடுத்துட்டு வர்றேம்பா, ஒருத்தன் வெளுத்த வேட்டியத் தேடுவான். நீங்க கல்யாண வீட்டுக்குப் பொறப்பட்டதே இல்லையாக்கும்.

ஊரு பேரு சுனைக்கரைப்பட்டி. எம்பேரு வியாகுலமேரி. ஆமா, வேதக்காரவுகதேன். ஊருக்குப் பெரியதனம் அமிர்தராஜு இருக்காருல்ல, அவரு சம்சாரம். நீங்க சேவகஞ் செய்றவுக, உங்களக் கோவிச்சு நான் என்ன பண்ண? ஆனா ஒண்ணு கேட்டுக்கிருங்க. துரை குதிரை ஏறுறதுக்குள்ள நான் உள்ள போயாகணும். இன்னைக்குத் தப்புனா எங்க சுனை போச்சு. இன்னைக்கோட வெசாரணைய முடிச்சு, கல்லு நட்ட எடமெல்லாம் காட்டிலாகாவுக்கே சாசுவதம்னு முத்திரை குத்திருவாகளாம். பெறகு ஆண்டவரே எறங்கி வந்து கேட்டாலும் அங்கன ஒரு செம்புத் தண்ணி மொள்ள முடியாது.

சுனைன்னதும் பெரிய அருவின்னு நெனச்சுக்கிறாதீக. பாறை இடுக்குல இருந்து எம் மணிக்கட்டுத் தண்டி வரும். அம்புட்டுதேன். ஆனா நிக்காது. சித்திரை வைகாசியில கம்பத்துல இருந்து தேனி வரைக்கும் கண்மாயெல்லாம் வெடிச்சுக் கெடக்கும், எங்களுக்கு அது பாட்டுக்கு வந்துக்கிட்டிருக்கும். பனைமரத்தக் கொடஞ்சு, ஒண்ணோட ஒண்ணு சேத்து, மேல இருந்து ஊருத் தொட்டி வரைக்கும் கொண்டாந்து விட்டுட்டுப் போயிருக்காக முன்னோரு. மாசியில எங்க வேதத்துப் பெரிய நோம்பு தொடங்குறதுக்கு முந்தி ஆம்பளைக மேல ஏறி, இலை தழை சருகெல்லாம் வழிச்சுவிட்டுட்டு வருவாக. அந்தத் தண்ணியில பருப்பு வேகுற மாதிரி வேற எந்தத் தண்ணியிலயும் வேகாதுண்ணே. அப்ப எனக்கு அருமை தெரியல. தொட்டி வழிஞ்சு வாசலெல்லாம் சகதியாகுதுன்னு புருசங்கூடச் சண்டை போட்டவ நானு.

மலைய அளக்க ஆளுக வந்தாக. அளந்து, கல்லு நட்டு, கல்லுக்கு வெள்ளையும் அடிச்சாக. எங்காளுக பதறிப் போனாக. அப்ப ஒரு ஏலக்கா யாவாரி வந்தாரு, புதுசா போர்டுல மெம்பரு ஆனவரு. அந்த வெயில்லயும் கோட்டக் கழட்டல. பயப்புடாதீக, முந்தி மாதிரி இல்ல, ராணியம்மா உத்தரவு போட்டுட்டாக, இனிமே ஜனங்களக் கேக்காம சர்க்காரு ஒரு புல்லக் கூடப் புடுங்காது, உங்க வாயில இருந்து வர்றதுதேன் சட்டம்னாரு. எங்காளுக வாயப் பொளந்துக்கிட்டுக் கேட்டாக. எங்க வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோசம். நம்மளயும் ஒரு மனுசன்னு கூப்புட்டுக் கேக்கப் போறாகடின்னு என்னையத் தேடி வந்து சொல்றாரு. நாப்பது வயசு ஆம்பள, மொகம் பச்சப்பிள்ள மொகமா இருந்துச்சு.

கேட்டாகண்ணே. நான் பொய் சொல்லக் கூடாது, கேக்கத்தேன் செஞ்சாக. அங்கனதேன் வெனையே.

காட்டிலாகா துரை வந்து எங்க கோயிலு முத்தத்துல நாக்காலி போட்டு உக்காந்தாரு. இப்ப உள்ள இருக்காகளே, இவுக இல்ல, அவரு வேற. ஊரே நின்னுச்சு. எப்பிடி? துண்ட எடுத்துக் கக்கத்துல இடுக்கி, ரெண்டு கையயும் கட்டி, தலையக் குனிஞ்சு. பெரியவுக முன்னால வேற எப்பிடி நிக்கிறது? இப்ப துரை வெளிய வந்தா நீங்க எப்பிடி நிப்பீக? அப்பிடித்தேன். துரை அவுக பாசையில என்னமோ சொன்னாரு. கூட வந்த குமாஸ்தா அதத் தமிழ்ல சொன்னாரு. இந்த மலைய சர்க்காரு எடுத்துக்கிடப் போகுது, ஆட்சேபம் உள்ளவுக கையத் தூக்கலாம்னு.

கையத் தூக்கலாமாம்ல! துரை மொகத்துக்கு நேரா! எங்க ஊருல பெத்தவன் முன்னால கை மேல போனாலே, ஏலே, கை ஓங்குறியான்னு கேட்டு, ஞாயித்துக்கெழமை கோயிலு வாசல்ல முட்டிபோட வச்சுருவாக. நாக்காலி போட்டு உக்காந்துருக்க துரைக்கு எதுக்க எவன் தூக்குவான்? எங்க வீட்டுக்காரரு கட்டுன கைய இன்னும் இறுக்கிக் கட்டிக்கிட்டாரு. அவரப் பாத்து ஊரே இறுக்கிக் கட்டிக்கிருச்சு. மரியாதையா நின்னா துரை மனசு எரங்கும், என்னப்பா உங்க கொறைன்னு கேப்பாருன்னு காத்துக்கிட்டு நிக்கிறாக எல்லாரும். துரை இங்கிட்டுப் பாத்தாரு, அங்கிட்டுப் பாத்தாரு. ஒரு கை மேல போகல. நல்ல ஜனங்கன்னு சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சுப் போயிட்டாரு. ஆட்சேபம் இல்லைன்னு ஆகிப்போச்சு.

நானா? நான் பொம்பளைகளோட பின்னால நின்னேன். குமாஸ்தா கேட்டதுமே எனக்கு நாக்கு நமநமன்னுச்சு. ஆம்பளைக இருக்கையில நம்ம என்னத்தப் பேசுறதுன்னு முந்தானைய வாயில திணிச்சுக்கிட்டேன்.

சிரிங்க, நல்லாச் சிரிங்க. வெளிய நின்னு பாத்தாச் சிரிப்பாத்தேன் இருக்கும்.

அந்த மாசமே காவக்காரன் வந்துட்டான். சுனையச் சுத்தி முள்ளு வேலி. தண்ணி வந்த பனைமரத்தையெல்லாம் பேத்து உருட்டி விட்டான். என்னண்ணே நாயம் இது? மேற்க மலையக் கொடஞ்சு, மலையாளத்துப் பக்கம் போற ஒரு ஆத்தையே இங்கிட்டுத் திருப்பப் போறாகளாம். சுண்ணாம்பு வண்டியும் கல்லு வண்டியும் ராப்பகலா ஓடுது. அம்மாம்பெரிய ஆத்தக் கொண்டார மனசு இருக்க சர்க்காருக்கு, எங்க மணிக்கட்டுத் தண்டித் தண்ணிக்கு முள்ளு வெட்டிப் போட எப்பிடி மனசு வந்துச்சு?

நீங்க எந்தப் பக்கம்? குச்சனூரா! அதான பாத்தேன். கோவிச்சுக்கிறாதீக, உங்க ஊருச் சாமி பிடிச்சாலும் ஏழரை வருசத்துல விட்டுரும்பாக. விட்டுட்டுப் போகையில நல்லதும் செஞ்சுட்டுப் போகுமாம். எங்களப் பிடிச்சதுக்கு அப்பிடி ஒரு கெடு இல்லையேண்ணே.

என்ன கழுத்தையே பாக்குறீக? தாலியா? கயிறு நைஞ்சு போச்சு, மாத்தணும்னு கழட்டி வச்சேன். ஓடியாந்த அவசரத்துல போட மறந்துட்டேன். ஆம்பளைக்கு எதுக்கு இந்தக் கேள்வியெல்லாம்?

நோவா? அடிவாரத்துல நோவுன்னு எவன் உங்ககிட்டச் சொன்னது? அதெல்லாம் ஒண்ணுமில்ல. சுனையில்லாமப் போனதும் ஓடைக்குட்டையில மொண்டு குடிச்சோம். மாடு படுத்து எந்திரிக்கிற குட்டை. நாலு பேருக்கு வயிறு சரியில்ல. ஓமத்தக் காய்ச்சிக் குடிச்சாச் சரியாப் போற நோவு. இருங்கண்ணே, ஏன் எந்திரிக்கிறீக? என்னையப் பாத்தா நோவு பிடிச்சவ மாதிரியா இருக்கு? ஓடியாந்தவளுக்கு வேர்க்காதா? உக்காருங்க. துரைகிட்ட இதெல்லாம் போயிச் சொல்லிராதீக, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். நோவுங்கிற சொல்லு காதுல விழுந்தாலே அவுக குதிரைய விரட்டிப் போயிருவாக. எம்புட்டுப் பாடுபட்டு வந்த வெசாரணை தெரியுமா இது?

எங்க பங்குச் சாமியாரு பிரெஞ்சுக்காரரு. அவருகிட்ட ஊரே போயி அழுதுச்சு. இதுக மரியாதைக்குக் கையக் கட்டுன ஜனங்க, சம்மதிச்சுக் கட்டலன்னு அவரு மேல் துரைக்கு எழுதிப் போட்டாரு. அப்பறம் எங்க உபதேசியாரு பங்கிராஸு ஒரு காரியம் பண்ணாரு. அடுத்த வாட்டி துரை வந்து கேட்டா நீங்க மறுபடியும் மரமா நிப்பீக, அதனால இப்பயே பழகிக்கிருங்கன்னு, செபம் முடிஞ்சதும் எல்லாரையும் கோயிலுக்குள்ள நிப்பாட்டி, அவரே துரையா உக்காந்து, ஆட்சேபம் உள்ளவுக கையத் தூக்கலாம்பாரு. அடடா, அந்தக் கூத்தப் பாக்கணுமே நீங்க! பாதிப்பேரு கை காதுக்கு மேல போகாது. செபஸ்தியம்மா அக்கா ரெண்டு கையயும் தூக்கிருச்சு. ஏக்கா, ஒண்ணு போதும்னா, இது செத்துப்போன எம்புருசனுக்கு, அவருந்தான அந்தத் தண்ணி குடிச்சவருங்குது. எங்க வீட்டுக்காரருக்குத்தேன் வரவே இல்ல. தோள்பட்டைக்கு மேல போனா வெக்கம். நாந்தேன் முழங்கையப் பிடிச்சு மேல தூக்கிவிட்டேன். தூக்குன கையோட என்னையப் பாத்துச் சிரிச்சாரு. யே யப்பா, அந்தச் சிரிப்பு.

அழுகலண்ணே. கண்ணுல தூசி. காத்தடிக்குதுல்ல.

உத்தரவு வந்துச்சு. மேல இருந்து வந்துச்சு. சுனைக்கரைப்பட்டி ஜனங்க வேற ஒருத்தர அனுப்பாம, ஊரா நேர்ல வந்து நிக்கணும், மறுபடி கேக்கப்படும், ஆட்சேபம் உள்ளவுக கையத் தூக்கணும், தலை எண்ணி முடிவு சொல்லப்படும்னு. சர்க்காருக்குக் காது இல்லைன்னு நான் சொல்லவே மாட்டேன். காது இருக்கு. சத்தம் போயிச் சேரத்தேன் இம்புட்டு நாளாகுது.

என்ன, சாப்பாடு முடிஞ்சுருச்சா? தட்டு வெளிய வருதே. குதிரைக்காரன் சேணத்தத் தூக்கிட்டானே! அண்ணே, அண்ணே, உள்ள போயி ஒரு வார்த்தை சொல்லுங்க. ஒங்க பிள்ளைகுட்டி நல்லாருக்கும். ஊரு வரட்டும் வரட்டும்னா எப்பிடிண்ணே? நான் மொதல்ல உள்ள போயி நிக்கிறேனே. வண்டி தெரிஞ்சாத்தேன் விடுவீகளா? அந்தப் பாதையில என்னத்துக்குப் பாத்துக்கிட்டே இருக்கீக?

வண்டி வராதுண்ணே.

கம்ப எடுக்காதீக. நானே தள்ளி நிக்கிறேன். இன்னும் தள்ளணுமா? சரி, இந்தா. நோவு ஓஞ்சு போச்சுண்ணே, என்னையத் தொட்டா ஒட்டாது. கடைசியா மண்ணு தள்ளுனது பெரிய நோம்புக்கு முந்தி. வாந்திபேதிதேன். மொதல்ல செபஸ்தியம்மா அக்கா. பெறகு வீட்டுக்கு வீடு. எங்க வீட்டுக்காரரு கேட்டதெல்லாம் சுனைத் தண்ணிதேன். வேலியப் பிரிச்சுட்டுப் போயி மொண்டுக்கிட்டு நான் எறங்கி வர்றதுக்குள்ள முடிஞ்சு போச்சு. உபதேசியாரு ஒவ்வொருத்தருக்கும் துக்கமணி அடிச்சாரு. அவருக்கு அடிக்க ஆளில்லாம நாந்தேன் அடிச்சேன். மிஞ்சுன அஞ்சாறு பேரு அணை வேலைக்கும் கண்டிச் சீமைக்கும் போயிட்டாக. எம்மக இருதயத்தக் கொண்டுபோயி எங்கக்கா வீட்டுல விட்டுருக்கேன். அவுகளும் அவள எம்புட்டு நாளைக்கு வச்சுக்கிருவாகளோ என்னமோ. போனவுக, தண்ணி வந்துச்சுன்னா சொல்லிவிடு வியாகுலம், வந்துர்றோம்னு சொல்லிட்டுத்தேன் போனாக. அதுக்குத்தேன், அது ஒண்ணுக்குத்தேன் நான் இங்கன கெடந்து ஒங்ககிட்ட மல்லுக்கட்டுறேன்.

அந்த உத்தரவத் தமுக்கடிச்சுச் சொல்ல வந்தவன், கோயிலு முத்தத்துல நின்னு அடி அடின்னு அடிக்கிறான். வெளிய வந்தது நான் ஒருத்தி. மத்தவுக எங்கன்னு அவனும் ஒங்கள மாதிரியேதேன் கேட்டான்.

இந்தா, துரை எந்திரிச்சுட்டாக. ஓடுங்கண்ணே, ஓடிப் போயிச் சொல்லுங்க, சுனைக்கரைப்பட்டி வந்து நிக்குதுன்னு.